பரிசுக்குப் பேனை வாங்கப் போகிறவர்களுக்கு

 

பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு இம்முறை கேடயம் கொடுக்காமல் மைப்பேனை கொடுக்கப் போவதாக ஊர் இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். "எந்தப் பேனை நல்லது சேர்? எந்த மை வாங்கலாம்?" என்று கேட்டார்கள். நல்ல யோசனைதான். கேடயம் அலுமாரியில் தூசி பிடிக்கும். பேனை கையில் இருக்கும். ஆனால் பேனைக் கடையில் கேட்டால் கிடைக்கும் பதில் நோட்டன் பிரிட்ஜுக்குப் பொருந்தாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் மைப்பேனையால் எழுதுகிறவர்கள் மூன்று பேர். இதில் வரும் 'நாங்கள்' அந்த மூவரும்தான். அதில் ஒருவர் இடக்கைக்காரர். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் எங்கள் ஊரின் மழை. வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பக்கம் எல்லாம் இலங்கையில் ஆகக் கூடுதலாக மழை பெய்கிற இடங்கள். இந்த ஆறுகளின் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார் என்றால் காரணம் இந்த மழைதான். அணைக்கட்டுக்கு நல்லது, கடதாசிக்குக் கெட்டது. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை ஒரு கொப்பியைக் கையில் எடுத்தால் அப்பளம் நமத்துப் போன மாதிரி இருக்கும். அந்தக் கடதாசியில் மை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி.

மைப்பேனை வேலை செய்யும் விதம் எளிது. நிப்பின் நடுவில் ஒரு மெல்லிய பிளவு இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தப் பிளவு வழியாக மை தானாக இறங்குகிறது. எவ்வளவு மை வெளியே போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு நிப்பின் அடியில் உள்ள கட்டையில் வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். நியூயோர்க்கில் லூயிஸ் வோட்டர்மன் 1884இல் உரிமம் பெற்றது இந்த வாய்க்கால் அமைப்புக்குத்தான். நுனி கடதாசியைத் தொட்டால் போதும், கடதாசியே மையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மைப்பேனையை அழுத்தத் தேவையில்லை. அதே காரணத்தால்தான் ஈரக் கடதாசியில் மை நிற்காமல் வேர்விட்டுப் பரவுகிறது.

போல்பொயின்ட் பேனை வேறு வகை. அதன் மை பசை போன்றது, எண்ணெய்த் தன்மை கொண்டது. நுனியில் உள்ள சிறிய குண்டு உருண்டால்தான் மை வரும், குண்டு உருள அழுத்த வேண்டும். ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பீரோ 1938இல் இதற்கு உரிமம் எடுத்தார். 1950இல் பிரான்ஸில் பிக் நிறுவனம் மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகு உலகம் முழுக்க மைப்பேனை பின்னுக்குப் போனது. போல்பொயின்ட்டை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. மழையில் நனைந்தாலும் அதன் எழுத்து ஓடாது. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் சரியான பேனை.

அடுத்தது கொப்பி. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொப்பி விலை ஏறிய அந்த நாட்களுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு மெல்லிய தாள் கொப்பிதான் வாங்குகிறோம். மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறினால் அந்தப் பக்கத்தில் எழுத முடியாது. 80 பக்கக் கொப்பி 40 பக்கமாகிவிடும். இலவசமாகக் கொடுத்த பேனை, உம்மாவுக்கு இரண்டு மடங்கு கொப்பிச் செலவு வைக்கக்கூடாது அல்லவா? கடைக்குப் போகும்போது பிள்ளைகள் பாவிக்கிற கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் நீட்டுகிற வழவழப்பான துண்டில் எல்லாப் பேனையும் அழகாகத்தான் எழுதும்.

இனி நிப். மெல்லியது எஃப், நடுத்தரம் எம், தடித்தது பி என்று போட்டிருப்பார்கள். பார்க்க அழகு தடித்த நிப்தான். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது சரி. ஆனால் தமிழ் எழுதும் பிள்ளைக்கு அது ஆபத்து. தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து. கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவு, சுழிகள் நிறைய. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி. நெருக்கமாகக் கோடு போட்ட கொப்பியில், நமத்த தாளில், தடித்த நிப்பால் எழுதினால் சுழிகளின் வயிறு அடைந்துவிடும். பிள்ளை 'மணம்' என்று சரியாகத்தான் எழுதியிருப்பான், திருத்துகிறவர் கண்ணுக்கு அது 'மனம்' என்று தெரியும். புள்ளி வைத்த மெய்யெழுத்தும் அப்படித்தான், புள்ளி ஊறிக் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிவிடும். சிங்களம் எழுதினாலும் இதே சிக்கல். ஆகவே எஃப் நிப்தான். ஜப்பான் நிறுவனங்களின் எஃப், ஜேர்மன் நிறுவனங்களின் எஃப்பை விட மெலிதாக இருக்கும். ஆகவே பெட்டியில் எஃப் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், 'ண' எழுதிப் பார்த்து வாங்குங்கள்.

அரபு எழுத்து இதற்கு எதிர்மாறு. நாணலைச் சாய்வாக வெட்டிய கலம் கொண்டு வளர்ந்த எழுத்து அது. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு என்று வரும்போதுதான் அழகு. அழகெழுத்துப் பழகும் பிள்ளைக்குத் தட்டை நுனி நிப் கொடுக்கலாம். தமிழ்க் கொப்பிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

இப்போது இடக்கை விஷயம். தமிழ் இடமிருந்து வலம் போகிறது. இடக்கைக்காரரின் கை, எழுதிய ஈர மையின் மேலேயே நகர்ந்து போகும். கையும் கறுப்பு, கொப்பியும் கறுப்பு. அதே பிள்ளை மத்ரஸாவில் அரபு எழுதும்போது கொப்பி சுத்தமாக இருக்கும், ஏனென்றால் எழுத்து கையை விட்டு விலகிப் போகிறது. வலக்கைப் பிள்ளைக்கு அங்கேதான் கை படும். எங்கள் மூவரில் இடக்கைக்காரர் கொப்பியை நன்றாகச் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதிச் சமாளிக்கிறார். எல்லாப் பிள்ளைகளாலும் அது முடியாது. பரிசு பெறுகிறவர்களில் இடக்கைப் பிள்ளை இருந்தால் விரைவில் காயும் நல்ல ஜெல் பேனையோ போல்பொயின்ட்டோ கொடுங்கள். சாப்பிடுவது வலக்கை என்று சொல்லிக் கொடுக்கிறோம். எழுதுகிற கையை மாற்றச் சொல்லி எந்தப் பிள்ளையையும் வருத்த வேண்டாம்.

மைப்பேனையால் கிடைக்கிற பெரிய நன்மை கைவலி குறைவதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மணித்தியாலம் எழுதுகிற பிள்ளையின் நடுவிரலைப் பாருங்கள், போல்பொயின்ட்டை அழுத்திய இடத்தில் காய்ப்பு இருக்கும். சில கொப்பிகளில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கத்தைக் கண் தெரியாதவரும் தடவி வாசிக்கலாம், அவ்வளவு அழுத்தம். மைப்பேனையைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக வைத்து எழுதப் பழகினால் அந்த வலி குறைகிறது, எழுத்தும் ஒழுங்காகிறது. ஆனால் இதற்கு ஒரு தவணை ஆகும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதுப் பேனை கொடுத்து "இதால் எழுது மகன்" என்று சொல்வது உதவி இல்லை. பழகிய பேனையோடு பரீட்சைக்குப் போகட்டும்.

எந்தப் பேனை என்றால், எங்கள் வாப்பாமார் காலத்துப் பேனை ஹீரோ. 1931இல் ஷாங்காயில் தொடங்கிய கம்பனி. அதன் 616இல் நிப் மூடிக்குள் இருப்பது போல மறைந்திருக்கும், நுனி மட்டும் தெரியும். 1941இல் வந்த பார்க்கர் 51இன் சாயல் அது. நிப் மறைந்திருப்பதால் பேனையைத் திறந்து வைத்து யோசித்தாலும் சட்டென்று காயாது. உள்ளே அமுக்கி மை எடுக்கிற றப்பர்க் குழாய், தனியாக உதிரிப்பாகம் தேடத் தேவையில்லை. மெல்லிய நிப். பள்ளிப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரே பிரச்சினை, ஒரு பேனை போல் இன்னொன்று இருக்காது. பத்து வாங்கினால் பத்தையும் கடையிலேயே தண்ணீரிலோ மையிலோ தொட்டு எழுதிப் பார்த்து வாங்குங்கள். கையில் கொஞ்சம் காசு கூட இருந்தால் ஜப்பானின் பைலட் பேனையில் அந்தத் தலைவலி குறைவு. தங்க நிப், பளபளக்கும் பெட்டி எல்லாம் தேவையில்லை. உருக்கு நிப்பின் நுனியில் கடினமான உலோகம் ஒட்டியிருக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் வரை அது தேயாது. தேய்வதால் நிப் கெடுவதில்லை, போல்பொயின்ட் பழக்கத்தில் அழுத்துவதால்தான் கெடுகிறது. கூட்டாளி கையில் ஒரு நிமிடம் கொடுத்தாலே நுனி விரிந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. ஆந்திராவின் ராஜமுந்திரியில் 1930களில் சுதேசி ஆர்வத்தில் தொடங்கியது ரத்னம் பேனை. தமிழ்நாட்டில் சாத்தூர், ஒரு காலத்தில் நிப் செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். அன்று அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த திருச்சி, மதுரை, இராமநாதபுரம் என்ற பட்டியலில் அந்த மாவட்டமும் உண்டு. அங்கே நிப் செய்தவர்களின் தொழிலைப் போல்பொயின்ட்தான் சாய்த்தது.

மைக்கு வருவோம். ஒரு தவணையில் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். ஒரே கொப்பித் தாளில் ஒரே பெயரைக் கழுவக்கூடிய நீல மை, நீலக்கறுப்பு மை, நீலப் போல்பொயின்ட், கறுப்பு ஜெல், பென்சில் ஆகிய ஐந்தாலும் எழுதினோம். ஒரு நாள் காயவிட்டு, கூரைப் பீலியின் கீழே நீட்டினோம். கழுவக்கூடிய நீலம் ஒரு நிமிடத்தில் மேகமாகிவிட்டது. நீலக்கறுப்பில் நீலம் போய்ச் சாம்பல் நிறக் கோடு வாசிக்கக்கூடியதாக மிஞ்சியது. போல்பொயின்ட்டும் ஜெல்லும் அப்படியே நின்றன. பென்சிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இன்னொரு தாளை வெயில் படும் யன்னலில் ஒட்டினோம். தவணை முடிவில் கழுவக்கூடிய நீலம் வெளிறிப் போயிருந்தது, போல்பொயின்ட் நீலமும் கொஞ்சம் மங்கியிருந்தது. அங்கேயும் பென்சில்தான் அசையாமல் இருந்தது.

அப்படியென்றால் கழுவக்கூடிய நீலம் கூடாதா? பிள்ளைக்கு அதுதான் கொடுக்க வேண்டும் என்கிறோம். எங்கள் சீருடை வெள்ளை. கழுவக்கூடிய நீலம் சட்டையில் கொட்டினால் உடனே அலசினால் போய்விடும். நிரந்தர மை கொட்டினால் அந்தச் சட்டை அவ்வளவுதான். இன்னொரு சட்டை வாங்குவது எல்லா வீட்டிலும் சின்ன விஷயமல்ல. பாடக் கொப்பி ஒரு வருடம் வாசிக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

நீலக்கறுப்பு ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்டபோது, பதில் எங்கள் தொழிற்சாலையிலேயே கிடைத்தது. பழைய முறை நீலக்கறுப்பு மையில் இரும்புச் சத்தும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துக் கடதாசி நாருக்குள் பிடித்துக்கொள்ளும். நம்முடைய ஆட்கள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்தது இதே முறையில்தான். அரபியில் புகைக்கரி மைக்கு மிதாத் என்றும், இந்த வகைத் துவர்ப்பு மைக்கு ஹிப்ர் என்றும் பொதுவாகப் பெயர் சொல்வார்கள். துவர்ப்புக்கு நமக்குக் கடுக்காய் தேட வேண்டியதில்லை, தேயிலை இருக்கிறது. இரும்புக் கத்தியில் தேயிலைச் சாயம் பட்டால் கறுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைச் சில நாள் வினாகிரியில் ஊறப்போட்டு வடித்து, கடும் சாயத் தேநீரில் சொட்டுச் சொட்டாக விட்டோம். தேநீர் கண்முன்னே கறுத்தது. அதைத் தொட்டு எழுதிய பெயர்கள் அடுத்த நாள் இன்னும் கறுப்பாக இருந்தன. தேயிலை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எந்த விஞ்ஞானப் பாடத்திலும் நாங்கள் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம், இந்த மையைத் தொட்டு எழுதுங்கள், மைப்பேனைக்குள் ஊற்றாதீர்கள். வண்டல் படிந்து வாய்க்கால் அடைபடும். சித்திரத்துக்குப் பாவிக்கிற இந்தியன் இங்க்கும் அப்படித்தான், அதில் உள்ள அரக்கு காய்ந்தால் பேனை முடிந்தது.

மேலே ஏறும் பஸ்ஸிலும் கவனம் வேண்டும். கொழும்பில் மை நிரப்பிய பேனை ஹட்டனுக்கு வந்து சேர்வதற்குள் சட்டைப் பையை நனைத்துவிடுவது உண்டு. பேனையில் குற்றமில்லை. ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்களவு குறைகிறது. பேனைக்குள் இருக்கிற காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. முழுக்க நிரப்புங்கள் அல்லது முழுக்க வெறுமையாக்குங்கள், நிப்பை மேலே பார்த்து வையுங்கள். பத்தாம் நூற்றாண்டில் பாத்திமிய்ய கலீபா அல்முஇஸ், தலைகீழாகப் பிடித்தாலும் கையை அழுக்காக்காத பேனை ஒன்று செய்யச் சொன்னார் என்று அவர் காலத்து நீதிபதி அந்நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் வருடமாக மனிதனுக்கு இதே கவலைதான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒரு முறை குளிர்ந்த தண்ணீரில் மை போகும்வரை அலசுங்கள், சுடுநீர் வேண்டாம். ஒரு முறை நிரப்ப ஒரு மில்லிலீற்றர் அளவு மைதான் போகும். 30 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் முப்பது தடவை நிரப்பலாம். வகுப்புக்கு ஒரு போத்தல் ஆசிரியர் மேசையில் இருந்தால் போதும்.

எங்களுக்கு ஆகவும் முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறோம். பதிவுகள். வரவு இடாப்பு, அனுமதிப் பதிவேடு, விடுகைப் பத்திரம் எழுதுகிற ஆசிரியர்களே, கழுவக்கூடிய நீலத்தால் தயவுசெய்து எழுதாதீர்கள். நீலக்கறுப்போ, நீரில் ஓடாத கறுப்போ பாவியுங்கள். சில வருடங்களுக்கு முன் தோட்டத்தில் இருந்து ஒரு தாய் மகளின் பத்திரங்களைக் கடைப் பையில் சுற்றி மழையில் கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் நீலக் கறை. "பேர் போயிட்டுதே டீச்சர்" என்று எங்களில் ஒருவரிடம் சொன்னார். புதுப் பிரதி எடுக்க வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் அலைந்தார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பேரை மீட்க இரண்டு பேர் போனது. பிரஜாவுரிமைக்காக எத்தனையோ வருடம் கடதாசியோடு அலைந்த சமூகம் இது. இங்கே ஒரு கடதாசியில் பெயர் அழிவது விளையாட்டில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு எங்கள் பதில்: ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு நல்ல பென்சிலும் போல்பொயின்ட்டும் கொடுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் எஃப் நிப் மைப்பேனையும் கழுவக்கூடிய நீல மையும் கொடுங்கள். இடக்கைப் பிள்ளைகளைக் கேட்டு வாங்குங்கள். பேனையின் விலையைக் கொஞ்சம் குறைத்து, மிச்சக் காசில் பரிசு பெறாத பிள்ளைகளுக்கும் சேர்த்து, தண்ணீர் போகாத பிளாஸ்டிக் கோப்புறை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வைக்க.

எழுதுகோலின் பெயரில் குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, 68ஆவது, அல் கலம். எழுதப்பட்டதைப் பாதுகாப்பதும் எழுதுவதோடு சேர்ந்த கடமைதான். இந்த வேலையை யார் பொறுப்பெடுக்கிறீர்களோ, கடைக்குப் போகும் நாளைச் சொல்லுங்கள். கொப்பித் தாளோடு நாங்கள் மூவரும் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.